ஒன்றரை அங்குலப் பலகை

பட்டனை அழுத்தினால் போதும், மற்றதை வண்டியே பார்த்துக்கொள்ளும் என்று மகள் சொல்லியிருந்தாள். அழுத்தினாள். மோட்டார் ஹோமுக்கு அடியில் நான்கு ஹைட்ராலிக் ஜாக்கிகள் முனகிக்கொண்டே இறங்கின. முன்பக்கம் லேசாக எழும்பியது. பிறகு இடது பின்பக்கம் எழும்பிற்று. அங்கேயிருந்த ஜோடிச் சக்கரம் சரளையை விட்டுக் கிளம்பி அந்தரத்தில் நின்றது. உள்ளே சிவப்பு விளக்கு மினுங்கி, விடாமல் பீப் சத்தம் கேட்டது. இடம் அதிகமாகச் சரிந்திருக்கிறது, இதற்கு மேல் தூக்க முடியாது என்று அர்த்தம்.

அவளுடைய அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "இறக்கிடும்மா" என்றார். இந்த மாதிரி மோட்டார் ஹோம்களில் பார்க்கிங் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடித்துவைத்திருக்கும். அவை தரையில் படாமல் நின்றால், பிரேக் போட்டிருந்தும் போடாத மாதிரிதான். மகள் ஜாக்கிகளை மேலே ஏற்றினாள். சக்கரம் மறுபடி சரளையில் உட்கார்ந்தது.

"அப்பா, தாத்தாவோட பலகை உங்க கார்ல இருக்கா?"

இருந்தது. டிக்கியில், மடக்கு நாற்காலிகளுக்கு அடியில், பழைய துண்டில் சுற்றி இரண்டு பைன் பலகைகள். பக்கத்திலேயே வளையமாகச் சுருட்டிக் கட்டிய பிளாஸ்டிக் டியூப், மஞ்சளித்துப்போய். காலையில் பெய்த தூறலில் டிக்கி ஓரமாக ஈரம் இறங்கியிருந்தது. துண்டைப் பிரித்ததும் பிசின் வாசனை குப்பென்று வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் நனைந்தால் அந்த மரம் மணக்கிறது.

டென்னசி மாநிலத்தில், ஸ்மோக்கி மலையில், எல்க்மாண்ட் என்ற கேம்ப்கிரவுண்ட் அது. ஒரு காலத்தில் மரம் வெட்டும் கம்பெனியின் ஊராக இருந்த இடம். 1934-ல் தேசியப் பூங்கா வந்தபின் காடு மெதுவாகத் திரும்பி வளர்ந்துவிட்டது. நடுவே லிட்டில் ரிவர் கல்லில் மோதிக்கொண்டு ஓடுகிறது. மலையடிவாரம் என்பதால் சமதரை கிடைப்பது அபூர்வம். கரண்ட் இணைப்பும் கிடையாது. டெட்ராய்ட்டுக்கு வெளியே இருக்கும் அவருடைய வீட்டிலிருந்து ஐ-75 சாலையைப் பிடித்து ஒஹாயோ, கென்டக்கி இரண்டையும் கடந்து வர வேண்டும். குடும்பத்தோடு அவர்கள் எத்தனை கோடைகள் இங்கே வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

அப்போதெல்லாம் இருந்தது இழுத்துச் செல்லும் டிரெய்லர். மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது வாங்கியது. இருபத்துநான்கு அடி நீளம், ஏற்கெனவே ஒரு வயதான தம்பதி பத்து வருடம் வைத்திருந்தது. அமெரிக்காவில் ஓடும் ஆர்.வி. என்னும் வீட்டு வண்டிகளில் பெரும்பகுதி இண்டியானாவில் எல்க்ஹார்ட் என்ற ஊரைச் சுற்றித்தான் செய்யப்படுகிறது. இதுவும் அந்தப் பக்கத்துப் பிறப்புதான். சாவியைக் கொடுக்கும்போது அந்தம்மா படுக்கை விரிப்பு, சமையல் பாத்திரம் எல்லாம் உள்ளேயே விட்டுவிட்டுப் போனார். போகும்போது, "மட்டம் பார்த்து நிறுத்துங்கள்" என்று மட்டும் சொன்னார். எதற்கு என்று அவருக்கு அப்போது தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை.

முதல் பயணத்தில் அதைச் சொல்லிக்கொடுத்தது தோசை. ஒரு ஏரிக்கரையில் இறங்கிய அன்று, வீட்டிலிருந்து கொண்டுபோன மாவைக் கலக்கி மனைவி கல்லில் ஊற்றினாள். கரண்டி வட்டமாகத்தான் சுற்றியது. மாவு மட்டும் கதவுப் பக்கமாக ஓடியது. ஒரு ஓரம் ஊத்தப்பம் மாதிரி தடித்துக்கிடந்தது, எதிர் ஓரம் கண்ணாடித்தாளாகித் தீய்ந்துபோனது. எண்ணெய் விட்டால் எண்ணெயும் அந்தப் பக்கமே போய்த் தேங்கியது. "என்னங்க, வண்டி கோணலா நிக்குது" என்றாள். கண்ணுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. குளிக்கப் போனால் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் மூலையில் நின்றது. அலமாரிக் கதவு தானாகத் திறந்து, டம்ளர் ஒன்று உருண்டு விழுந்தது. ராத்திரி தலை தாழ்ந்து, கால் உயர்ந்து படுத்ததில் விடியும்போது எல்லோருக்கும் மண்டை கனத்தது.

காலையில் எழுந்ததும் அவர் செய்தது, தாழ்ந்த பக்கத்து மூலை ஜாக்கிகளைத் திருகித் திருகி வண்டியைத் தூக்கியது. ஜாக்கி என்று இருந்தால் தூக்கத்தானே என்று நினைத்தார். வண்டி எழும்பவும் செய்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் சாத்தவில்லை. சட்டம் முறுக்கிக்கொண்டு, கதவின் மேல்மூலை நிலையில் இடித்தது.

அப்போதுதான் பக்கத்து இடத்திலிருந்து ஒருவர் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தச்சர், கென்டக்கிக்காரர், எழுபதைத் தாண்டியவர். கையிலிருந்த காபிக் கோப்பையை டிரெய்லரின் பம்பர் மேல் வைத்துவிட்டு, முதலில் அந்த ஜாக்கிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். அவை வண்டி ஆடாமல் இருக்கக் கை கொடுப்பதற்கு மட்டுமே, எடை தாங்குவதற்கு அல்ல என்று பொறுமையாகச் சொன்னார். எடையைத் தாங்க வேண்டியது சக்கரமும் முன்னால் இருக்கும் பெரிய ஜாக்கியும்தான்.

பிறகு முறையைக் காட்டினார். வலது இடது முதலில், அதுவும் டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றுவதற்கு முன். எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கச் சக்கரங்களுக்கு முன்னால் பலகையைப் போட்டு, காரை மெல்ல நகர்த்தி மேலே ஏற்ற வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டு சக்கரம் இருந்தால் இரண்டுமே ஏற வேண்டும். ஒன்று பலகையிலும் ஒன்று தரையிலுமாக நின்றால் ஒரே டயர் எல்லாப் பளுவையும் சுமக்கும். ஏறியதும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. அதைப் போடாமல் கொக்கியைத் தொடவே கூடாது, சரிவில் டிரெய்லர் உருண்டால் பிடிக்க ஆளில்லை என்று இரண்டு தடவை சொன்னார். அப்புறம்தான் கழற்றுவது. முன் பின் சாய்வை முன் ஜாக்கியால் ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம். கடைசியாக மூலை ஜாக்கிகள், தரையில் படும் அளவுக்கு மட்டும்.

ரசமட்டத்தை எங்கே வைத்துப் பார்ப்பது என்பதையும் அவர்தான் சொன்னார். மேஜையில் இல்லை, தரையில் இல்லை. ஃபிரிட்ஜின் ஃபிரீசருக்குள். "உன் வண்டியில் மட்டத்துக்காக உயிரை விடுவது அது ஒன்றுதான்" என்றார்.

அந்தப் பேச்சின் முழு அர்த்தம் புரிய இரண்டு கோடை ஆயிற்று. கேம்ப்கிரவுண்டில் மட்டம் பார்க்கப் பழகிக்கொண்டவர், வீட்டு வாசலில் பார்க்கவில்லை. மழைநீர் தெருவுக்கு ஓடட்டும் என்று வீட்டு முன்பாதையைச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு நாள் முன்பே டிரெய்லரை அந்தச் சரிவில் நிறுத்தி, ஃபிரிட்ஜைப் போட்டு, பாலும் தயிரும் காய்கறியும் அடுக்கிவைப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் காலை டிரெய்லரைத் திறந்தபோது மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தது. அந்த நெடி அவருக்குப் பழக்கமானது. சின்ன வயதில் அப்பாவின் ஆபீசுக்குப் போனால், வரைபடத்துக்கு அமோனியா பிரிண்ட் எடுக்கும் அறையிலிருந்து இதே நெடிதான் வரும். ஃபிரிட்ஜின் பின்பக்க மூடியைக் கழற்றினால், குழாயில் மஞ்சள் தூள் படிந்திருந்தது. உள்ளே பால் திரிந்து கிடந்தது.

ஆர்.வி.க்களில் வெகுகாலம் இருந்த அந்த ஃபிரிட்ஜ் வீட்டு ஃபிரிட்ஜ் போல இல்லை. 1922-ல் ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை அது. எலெக்ட்ரோலக்ஸ் கம்பெனி அதை வாங்கி உலகமெங்கும் கொண்டுபோயிற்று. எஃகுக் குழாய்களுக்குள் அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் போட்டு அடைத்துவிடுகிறார்கள். கீழே சின்னதாக ஒரு கேஸ் சுடர் எரியும். சூட்டில் அமோனியா ஆவியாகிப் பிரிந்து மேலே போகும். அங்கே குளிர்ந்து திரவமாகி, உள்குழாய்களில் வழியும்போது மறுபடி ஆவியாகி, பெட்டிக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தண்ணீரில் கரைந்து அடிப்பாகத்துக்கே திரும்பி வரும். மோட்டார் கிடையாது, ஓடித் தேயும் பாகம் என்று ஒன்றுமே கிடையாது, சத்தமும் வராது. நெருப்பை வைத்துக் குளிரை எடுக்கும் இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு இன்றும் வியப்புதான்.

திரும்பி வழிவதற்கு அது நம்பியிருப்பது சரிவை மட்டும். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது மாதிரிதான். குழாய்களின் வாட்டம் மாறினால் திரவம் நடுவழியில் தேங்கும், கீழே சுடர் வெறும் குழாயைக் காய்ச்சும். துருப்பிடிக்காமலிருக்க உள்ளே கலந்திருக்கும் சோடியம் குரோமேட் அந்தச் சூட்டில் பிரிந்து படிந்து வழியை அடைக்கும். ஓட்டிக்கொண்டு போகும்போது ஆட்டத்தில் எல்லாம் கலங்கிக்கொண்டே இருப்பதால் கெடுதல் இல்லை. சாய்வாக நின்றுகொண்டு எரிந்தால்தான் ஆபத்து. பெரும்பாலான கையேடுகள் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி வரை பொறுக்கும் என்கின்றன. வீட்டு வாசல் அதைத் தாண்டியிருந்தது. வெளியே வந்த மஞ்சள் தூள் அந்தக் குரோமேட். சரிசெய்ய வழியில்லை, குளிரூட்டும் பகுதியையே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். செலவு ஒரு பக்கம். தெரிந்தே சொல்லிக்கொடுத்த ஒரு பெரியவரின் பேச்சைப் பாதி மட்டும் கேட்டோமே என்ற வருத்தம் அவருக்கு வெகுநாள் இருந்தது.

அதற்கு அடுத்த வருடம் ஊரிலிருந்து அப்பா வந்தார். விசாவில் ஆறு மாதம். குளிர் போனபின் வந்து, குளிர் வரும் முன் திரும்புவது என்று எல்லாப் பெற்றோரும் போடும் கணக்கு. அப்பா பொதுப்பணித்துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால் வாய்க்காலாக, மட்டம் பார்க்கும் டம்பி லெவலையும் ஸ்டாஃபையும் தூக்கிக்கொண்டு அலைந்தவர். கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் வயலில் எந்த மூலைக்குத் தண்ணீர் ஏறும், எந்த மூலைக்கு ஏறாது என்று சொல்வதுதான் முப்பது வருடம் அவர் செய்த வேலை.

எல்க்மாண்டில் இறங்கியதும் அவர் ஒன்றும் பேசாமல் இடத்தைச் சுற்றி நடந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தார். மகனும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் நின்று டிரெய்லரைப் பலகையில் ஏற்றுவதையும் இறக்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க... வாங்க... ரைட் ஒடிச்சு வாங்க... ஹோல்டான்!" மருமகள் குரலில் மாயவரம் பஸ் ஸ்டாண்டே இருந்தது. ஏற்றிய பிறகு ரசமட்டத்தைப் பார்த்தால் பலகை பற்றாது. இறக்கி, இன்னும் போட்டு ஏற்றினால் அதிகம். நாலாவது முறை இறக்கும்போது அப்பா கேட்டார்.

"எவ்வளவு தூக்கணும்னு தெரியாமயா தூக்குறீங்க?"

மறுநாள் ஹார்டுவேர் கடைக்குப் போய் இருபதடி நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் டியூப் வாங்கிவரச் சொன்னார். ஊரில் கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்கு மட்டம் பார்க்கும் டியூப் லெவல். அதில் தண்ணீர் ஊற்றி, கண்ணுக்குத் தெரியட்டும் என்று மருமகளிடம் ஒரு சிட்டிகை குங்குமம் வாங்கிப் போட்டார். டியூபைத் தலைக்கு மேலே பிடித்து, உள்ளே சிக்கியிருந்த காற்றுக் குமிழிகளை விரலால் சுண்டிச் சுண்டி வெளியேற்றினார். ஒரு குமிழி தங்கினாலும் மட்டம் பொய்யாகிவிடும். பிறகு டியூபை டிரெய்லருக்கு அடியில் விட்டு, ஒரு நுனியைப் பேத்தி கையில் கொடுத்து வலதுபக்கச் சக்கரத்தின் நடுவில் பிடிக்கச் சொன்னார். மறு நுனி இடதுபக்கச் சக்கரத்தில், அவர் கையில்.

"பெருவிரலால நல்லா அடைச்சுக்கோ கண்ணு. நான் சொன்னதும் எடு."

அவள் மண்டியிட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு அடைத்துப் பிடித்தாள். "ம், எடு" என்றதும் எடுத்தாள். செந்நீர் இரண்டு நுனியிலும் ஏறி இறங்கி, ஆடி, அடங்கியது. அவள் பக்கம் சக்கரத்தின் நடுப்புள்ளியிலேயே நின்றது. இவர் பக்கம் நடுப்புள்ளிக்கு மேலே மூன்று அங்குலம்.

"இடது மூணு. ரெண்டு பலகை" என்றார் அப்பா. கடையில் இரண்டு அங்குலப் பலகை என்று விற்பது இழைத்து வரும்போது ஒன்றரை அங்குலம்தான் இருக்கும். அதையும் முந்தின நாளே அளந்துவைத்திருந்தார். ஒரே ஏற்றத்தில் ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்றது. சக்கரத்துக்குச் சக்கரம் ஆறடி இடைவெளி என்றால் ஒரு டிகிரி சாய்வுக்கு ஒன்றேகால் அங்குலம் என்று அவர் மனதிலேயே போட்ட கணக்கை மகன் ராத்திரி கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது.

ஜூன் மாதத் தொடக்கம் அது. அன்றைக்கு இருட்டியபின் மின்மினிகள் கிளம்பின. ஸ்மோக்கி மலையின் அந்த மின்மினி இனம் ஒரே தாளத்தில் எரிந்து அணையும் பழக்கம் உள்ளது. காடு முழுக்க ஐந்தாறு முறை சேர்ந்து மின்னும், பிறகு சேர்ந்தே இருண்டு நிற்கும். அப்பா நாற்காலியில் சாய்ந்து, மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு, அந்த இருட்டு எத்தனை விநாடி நீடிக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அதன்பின் அந்தக் கோடையிலும் இன்னொரு கோடையிலும் போன இடமெல்லாம் அவர் குறித்துவைத்தார். வேலையில் அளவுகளைக் குறிக்கும் எம் புக் எழுதிய கை சும்மா இருக்காது. பலகையின் முகத்தில் எழுதினால் டயர் அழித்துவிடும், அடியில் எழுதினால் சரளை அழித்துவிடும். அதனால் ஒன்றரை அங்குல விளிம்பில், தச்சுப் பென்சிலால், சின்னச் சின்ன எழுத்தில். ஊர்ப் பெயர், இடது அல்லது வலது, எத்தனை பலகை. சிலவற்றில் கூடவே ஒரு சொல்: மழை. கரடி. நல்ல தண்ணி. ஓரிடத்தில் மட்டும் 'மட்டம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். வந்து நின்றதும் பலகையே தேவைப்படாத ஒரே இடம் அது.

இன்றைக்கு இந்த வேலை பெருமளவு போய்விட்டது. டிரெய்லரில் ஒரு சின்ன கருவியை ஒட்டிவிட்டால், எந்தச் சக்கரத்தை எத்தனை அங்குலம் உயர்த்த வேண்டும் என்று போனில் படம் வரைந்து காட்டுகிறது. பலகைக்குப் பதில் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகள் வந்துவிட்டன. பிறைபோல வளைந்த கட்டையும் இருக்கிறது, மட்டம் வரும் வரை அதன்மேல் ஏறி நின்று, அடியில் ஆப்பைச் செருகிவிட வேண்டியதுதான். அமோனியா ஃபிரிட்ஜும் மெல்ல மறைகிறது. மகளின் வண்டியில் இருப்பது பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ். கொஞ்சம் கோணலாக நின்றாலும் அதற்குக் கவலையில்லை. இவை எல்லாமே நல்ல மாற்றங்கள்தான். திரிந்த பாலையும் அந்த மஞ்சள் தூளையும் பார்த்தவர் வேறு மாதிரி சொல்ல முடியாது.

ஆனால் ஒரு வண்டி வந்து நின்றதும் பக்கத்து இடங்களிலிருந்து ஆட்கள் எழுந்து வருவது குறைந்திருக்கிறது. பட்டனை அழுத்துகிறவருக்கு உதவ என்ன இருக்கிறது? முன்பு மட்டம் பார்க்கும் அந்த அரைமணி நேரத்தில்தான் பக்கத்து இடத்துக்காரரின் ஊரும் தொழிலும் பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கையும் தெரியவரும். அந்தத் தச்சருக்கு அன்று ராத்திரி இவர்கள் வீட்டு எலுமிச்சம் சாதம் போயிற்று. மறுநாள் காலை அவர் மனைவி பிளாக்பெர்ரிப் பை ஒன்றைத் தட்டோடு கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தட்டு இன்னும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க நினைத்தபோது அவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

"டியூபும் இருக்கா!" என்று மகள் வாங்கிக்கொண்டாள். விறைத்துப்போயிருந்த டியூபை வெந்நீரில் போட்டு இளக்க வேண்டியிருந்தது. உள்ளே பழைய குங்குமத்தின் செம்மை ஒரு கோடாக ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி, குமிழி போக்கி, வண்டிக்கு அடியில் விட்டார்கள். அவள் வலது பின் சக்கரத்தருகே சரளையில் முழங்கால் ஊன்றி உட்கார்ந்தாள். பெருவிரல் தானாக நுனியை அடைத்துக்கொண்டது.

"ம், எடு" என்றார்.

தண்ணீர் ஏறி இறங்கி அடங்கியது. இடது பக்கம் மூன்றரை அங்குலம். ஜோடிச் சக்கரம் என்பதால் ஒரு பலகையின் அகலம் போதாது. இரண்டு டயருக்கும் அடி வேண்டும். இருந்த இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட்டார்கள். ஜன்னலில் மனைவி தலையை நீட்டி, "வா... வா... வா..." என்று ஆரம்பித்தாள். வண்டி ஒன்றரை அங்குலம் ஏறி நின்றது. மகள் பட்டனை அழுத்தினாள். ஜாக்கிகள் மீதியைத் தூக்கின, சக்கரம் பலகையை விட்டுக் கிளம்பவில்லை. பச்சை விளக்கு எரிந்தது.

மூன்று நாள் கழித்துக் கிளம்பும்போது, சக்கரத்துக்கு அடியிலிருந்து பலகையை எடுத்து மகள் விளிம்பைத் துடைத்தாள். தாத்தாவின் கடைசி வரிக்குக் கீழே நாலு விரல் அளவுக்கு இடம் இருந்தது. பால்பாயிண்ட் பேனாவை எடுத்துவிட்டு, "பென்சில் இருக்கா?" என்று கேட்டாள். கார் டாஷ்போர்டில் ஒரு மொட்டைப் பென்சில் கிடைத்தது. சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்ற எழுத்து, ஒவ்வொன்றாக யோசித்து எழுதினாள். பாதியில் நின்றாள்.

"அப்பா, எல்க்மாண்ட்ல மூணு சுழியா, ரெண்டு சுழியா?"

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், பலகையைத் திருப்பி விளிம்பின் மேற்பகுதியில் தேடினாள். தாத்தா மூன்று சுழி போட்டிருந்தார். அதைப் பார்த்து எழுதினாள்.